நாக்கில் வைக்காத பழம்

இஃப்ராவின் மூக்கைப் பற்றி ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவில் எல்லோருக்கும் தெரியும். பார்ப்பதற்கு அது சாதாரண மூக்குதான். சொல்லப்போனால் கொஞ்சம் சின்ன மூக்கு. ஆனால் யாருடைய டிபன் டப்பாவில் என்ன இருக்கிறது என்று மூடியைத் திறக்கும் முன்பே அது கண்டுபிடித்துவிடும்.

"ஷ்யாம், உனக்கு இன்னிக்கும் லெமன் சாதம்" என்பாள் இஃப்ரா.

"நேத்தும் அதானே. எங்கம்மா மறந்துட்டாங்க போல" என்று ஷ்யாம்சுந்தர் சோகமாக டப்பாவைத் திறப்பான். உள்ளே மஞ்சளாக லெமன் சாதம் இருக்கும்.

அந்த மூக்கு கடையில் பழகிய மூக்கு. இஃப்ரா 'அத்தா' என்று கூப்பிடும் அவள் அப்பா காஜாவுக்குக் கிழக்குத் தாம்பரத்தில், வேளச்சேரி சாலையில் ஒரு பழக்கடை இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இஃப்ராவுக்கு அங்கே ஒரு வேலை உண்டு. புதிதாக வந்த பெட்டியில் இருக்கும் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும். கெட்டுப்போன பழம் கையில் வந்ததும் "அழுகல்" என்று சொல்ல வேண்டும்.

அவள் சொன்னால் போதும். அத்தா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பழத்தை வாங்கி மேசைக்கு அடியில் இருக்கும் கூடையில் போட்டுவிடுவார். அந்தக் கடையில் அந்த ஒரு சொல்லுக்கு மறுபேச்சே கிடையாது.

அதனால்தானோ என்னவோ, அந்தச் சொல்லை எங்கே சொல்கிறோம் என்று அவள் யோசித்ததே இல்லை.

ஆவணி மாதத்தில் ஒருநாள், வகுப்பாசிரியை நாகலக்ஷ்மி மிஸ் ஓர் அறிவிப்பு செய்தார்.

"வெள்ளிக்கிழமை நம்ம கிளாஸ்ல பழ நாள். ஒவ்வொருத்தரும் ஒரு பழம் கொண்டு வாங்க. வேற யாருக்கும் காட்டக்கூடாது. துணிப்பையில மூடிக் கொண்டு வரணும். ஒருத்தர் கண்ணைக் கட்டிக்கிட்டு வந்து உக்காருவாங்க. முதல்ல மோந்து பாக்கணும். அப்புறம் நாக்குல வைக்கணும். அதுக்கு அப்புறம்தான் பேர் சொல்லணும். சரியா?"

"மிஸ், இஃப்ரா வந்தா எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடுவா. போட்டியே போர் அடிக்கும்" என்றான் ஷ்யாம்சுந்தர்.

வகுப்பு சிரித்தது. இஃப்ராவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனால் வெளியே காட்டாமல் பென்சிலைச் சீவினாள்.

அப்போது பக்கத்திலிருந்து காமு அவள் முழங்கையை இடித்தாள்.

"நான் ஒண்ணு கொண்டாறேன் பாரு. பழக்கடை முதலாளியம்மாவுக்கே தெரியாத பழம்."

"அப்படி ஒரு பழமே இல்ல" என்றாள் இஃப்ரா.

"கீது."

"என்ன பந்தயம்?"

"நீ தெரியலன்னு ஒரே ஒரு வாட்டி சொல்லணும். அவ்ளோதான். அது எனக்குப் போதும்."

காமு மாடம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருபவள். வாய் ஓயாது. ஆட்டோவில் சண்டை போட்ட இரண்டு பேர், அந்தச் சண்டையைத் தீர்த்துவைத்த மூன்றாவது ஆள், ரொம்பத் தாழப் பறந்த விமானப்படை விமானம், அதைப் பார்த்துக் குரைத்த நாய் என்று காலையில் நடந்தது எல்லாவற்றையும் முதல் பாடம் தொடங்குவதற்குள் இஃப்ராவிடம் சொல்லி முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்கு அந்த நாள் ஓடாது.

அந்த வாரம் மட்டும் காமு ஒரு விஷயத்தைச் சொல்லவே இல்லை. காலையில் செருப்பெல்லாம் சேறாக வந்தாள். "எங்க போய்ட்டு வர்றே?" என்று கேட்டால், "வெள்ளிக்கிழமை தெரியும்" என்று மட்டும் சொல்லிச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது.

மேசை மேல் துணிப்பைகள் வரிசையாக இருந்தன. மஞ்சள் பை, ஜவுளிக்கடைப் பை, யாரோ கொண்டுவந்த தலையணை உறை. வகுப்பு முழுக்கப் பழ வாசனை. ஜன்னல் பக்கம் இரண்டு அணில்கள்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

முதலில் ஷ்யாம்சுந்தர் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பப்பாளியைத் தின்றுவிட்டு மாம்பழம் என்றான். சப்போட்டாவைத் தின்றுவிட்டு யோசித்து, "வெல்லம்" என்றான்.

"அது பழமாடா?" என்றார் மிஸ்.

"தெரியல மிஸ். ஆனா இன்னொரு ஸ்பூன் குடுத்தீங்கன்னா யோசிச்சுச் சொல்றேன்."

நாகலக்ஷ்மி மிஸ்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு இஃப்ரா வந்தாள். மிஸ் தன் கைக்குட்டையால் அவள் கண்ணைக் கட்டினார். வகுப்பு அமைதியானது.

முதல் ஸ்பூன் மூக்கருகே வந்தது. "கொய்யா. நாளைக்கு வெட்டியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றாள். வகுப்பு கைதட்டியது. இரண்டாவது, "டிராகன் பழம்." மூன்றாவது, "சீத்தாப்பழம்." எல்லாம் சரி. நாக்கில் வைத்தது வெறும் வழக்கத்துக்குத்தான். மூக்கு முன்னாலேயே சொல்லிவிட்டது.

"அடுத்து என்னோடது மிஸ்" என்று காமுவின் குரல் கேட்டது. பெஞ்சை விட்டு எழுந்து வரும் சத்தமும் கேட்டது.

பையைப் பிரிக்கும் ஓசை. வகுப்பில் யாரோ "என்னடா இது, பந்து மாதிரி கருப்பா?" என்று கிசுகிசுத்தார்கள். காமு மிஸ்ஸின் காதில் ஏதோ சொன்னாள். "அப்படியா? நான் பார்த்ததே இல்லையே" என்றார் மிஸ். கையால் உரிக்கும் சத்தம் வந்தது. கடைசியில் ஸ்பூன் வந்தது.

அந்த வாசனை ஸ்பூன் வருமுன்பே வந்துவிட்டது.

கனமான வாசனை. இனிப்பு இருந்தது. ஆனால் இனிப்புக்குப் பின்னால் வேறு ஏதோ இருந்தது. வெயிலில் கிடந்த எதையோ போல, புளித்த மாவைப் போல. இஃப்ரா இன்னொரு முறை மூச்சை இழுத்தாள். அவள் மூக்கு கடையில் இருக்கும் பெட்டிகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தது. எந்தப் பெட்டியிலும் இந்த வாசனை இல்லை.

வகுப்பு காத்திருந்தது.

கட்டியிருந்த கைக்குட்டைக்குள் இஃப்ராவுக்கு வியர்த்தது. இனி ஒரே ஒரு சொல்தான் பாக்கி. "தெரியல." நாலே எழுத்துள்ள சின்னச் சொல். ஆனால் அன்று அது வாயில் வரவில்லை. காமு சிரிக்கப் போகிறாள். எல்லோரும் சிரிக்கப் போகிறார்கள். பழக்கடைப் பெண்ணுக்கே தெரியவில்லை என்று நாளைக்கும் மறுநாளும் சொல்லிக்கொண்டே இருக்கப் போகிறார்கள்.

அப்போது அவள் வாயிலிருந்து வேறொரு சொல் வந்தது. தினமும் சாயங்காலம் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல்.

"அழுகல்."

"என்னது?" என்றார் மிஸ்.

"அழுகிடுச்சு மிஸ். சாப்பிடக் கூடாது."

"அழுகல மிஸ்" என்றாள் காமு. "பழுத்தா அப்டித்தான் வாசன வரும்."

"அழுகினாலும் அப்படித்தான் வரும்" என்றான் ஷ்யாம்சுந்தர். சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். யாரோ "உவ்வே" என்றார்கள். அதற்கும் சிலர் சிரித்தார்கள்.

நாகலக்ஷ்மி மிஸ் தயங்கினார். ஒரு பிள்ளைக்கும் வயிற்றுவலி வரக்கூடாது என்று தலைமை ஆசிரியை காலையில்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"இஃப்ரா, நல்லாப் பாத்தியா? நிச்சயமாத்தானே சொல்றே?"

அந்தக் கேள்விக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி இருந்தது. எங்கோ தூரத்தில் மின்சார ரயில் ஹாரன் அடித்தது. சொல்ல வேண்டியதை அந்த இடைவெளியில் சொல்லியிருக்கலாம். பின்னால் எத்தனையோ முறை இஃப்ரா அந்த இடைவெளிக்குத் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறாள். அதில் இடம் இருந்தது. நிறையவே இருந்தது.

"ஆமா மிஸ்" என்றாள்.

கைக்குட்டையை அவிழ்த்தபோது மிஸ் ஏற்கெனவே பழத்தைப் பச்சை நிறக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டிருந்தார். தொட்டியின் விளிம்புக்கு மேல் கருப்பாகப் பளபளப்பாக ஏதோ தெரிந்தது. உரித்த இடத்தில் ஆரஞ்சு நிறம். அவ்வளவு அழகான ஆரஞ்சு நிறத்தை இஃப்ரா எந்தப் பழத்திலும் பார்த்ததில்லை.

"அது என்ன பழம்?" என்று மெல்லக் கேட்டாள்.

காமு பதில் சொல்லவில்லை. மிஸ்தான் சொன்னார். "பனம்பழமாம். நுங்கு தெரியும். அது பழுத்து நான் பார்த்ததில்ல. பரவாயில்ல காமு, அடுத்த தடவை நல்லதாக் கொண்டு வா."

"சரி மிஸ்" என்றாள் காமு.

அதற்குப் பிறகு அன்று முழுக்க அவள் வாயே திறக்கவில்லை.

மதியச் சாப்பாட்டின்போது இஃப்ரா, "அப்பளம் வேணுமா?" என்று கேட்டாள். காமு வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். கோபமாக ஆட்டவில்லை. கோபமாக ஆட்டியிருந்தால்கூடத் தேவலை. காமு பேசாமல் இருக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்வது, மின்விசிறி நின்றுபோன அறையில் உட்கார்வதைப் போல இருந்தது.

சாயங்காலம் கடையில் ஒரு கொய்யாப் பெட்டி காத்திருந்தது. இஃப்ரா ஒரு பழத்தை எடுத்து முகர்ந்தாள். திரும்பவும் முகர்ந்தாள். கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, அழுகலா?" என்றார் அத்தா.

"அத்தா, பனம்பழம் அழுகிப் போனா எப்படி வாசனை வரும்?"

"பனம்பழமா? அது நம்ம கடைக்கு வராதே."

"நல்ல பழம் எப்படி வாசனை வரும்?"

அத்தா வாழைப்பழச் சீப்பைக் கயிற்றில் கட்டிக்கொண்டே சொன்னார். "தெரியாதே."

அவ்வளவுதான். அவர் முகம் மாறவில்லை. கை நிற்கவில்லை. அடுத்த சீப்பை எடுத்தார். பழம் வாங்க வந்த பெண்மணிகூட அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. "ஒரு கிலோ சாத்துக்குடி போடுங்க பாய்" என்றார்.

இஃப்ரா அத்தாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு பெரிய பழக்கடைக்காரருக்கு அந்தச் சொல் இவ்வளவு லேசாக வருமா என்று இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. அரைநாள் பள்ளி. இஃப்ரா மணியடிக்க வெகுநேரம் முன்பாகவே வந்துவிட்டாள். பள்ளிக்குப் பின்னால், மதில் சுவரை ஒட்டி உரக்குழி இருக்கிறது. பச்சைத்தொட்டிகளில் விழுவதை எல்லாம் ஆயாம்மா அங்கேதான் கொட்டுவார்.

பழத்தோல்களுக்கும் வேப்பிலைச் சருகுக்கும் நடுவில் அது கிடந்தது. பாதி மூடியும் பாதி தெரிந்தும். உரித்த இடத்தில் எறும்புகள் மொய்த்தன. இஃப்ரா ஒரு குச்சியால் அதை மெல்லத் தன் பக்கம் உருட்டினாள். குனிந்து முகர்ந்தாள்.

நேற்று இருந்த அதே வாசனைதான். ஒரு ராத்திரி குப்பையில் கிடந்தும் அப்படியே இருந்தது.

அழுகவே இல்லை. நேற்றும் அழுகவில்லை. அது நேற்றே அவளுக்குத் தெரியும்.

பையில் கொண்டுவந்திருந்த செய்தித்தாளை விரித்து, எறும்புகளை ஊதி ஊதி விரட்டி, பழத்தை அதில் எடுத்து வைத்தாள்.

"இன்னா பண்றே?"

பின்னால் காமு நின்றுகொண்டிருந்தாள்.

இஃப்ராவுக்குக் கைகள் முழுக்க மண். ஓர் எறும்பு மணிக்கட்டில் கடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.

"உன் பழம் குப்பையில கிடக்கக் கூடாதுன்னு எடுத்தேன்."

"அழுகின பழம் குப்பையிலதானே கெடக்கும்."

"அது அழுகல."

காமு செய்தித்தாளில் இருந்த பழத்தைப் பார்த்தாள்.

"எனக்கு அது என்ன பழம்னு தெரியல, காமு. அதான் அப்படிச் சொல்லிட்டேன்."

"தெரியலன்னு சொல்லிருக்கலாமே."

"சொன்னா நீ ஜெயிச்சிருப்பே."

"ஆமா" என்றாள் காமு. "ஜெயிச்சிருப்பேன்."

மதில் மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அது பறந்துபோன பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் காமுதான் பேசினாள். "பனம்பழத்தப் பறிக்கக் கூடாது. தானா விழணும். ராத்திரி விழும். காலைல நான் போறதுக்குள்ள மாடு வந்துடும். அதுக்கும் அந்தப் பழம்னா உசுரு. இந்த வாரம் பூரா மாட்டுக்கு முன்னாடி ஓடினேன். மூணு நாளு மாடு ஜெயிச்சிச்சு. வியாழக்கெழம நான் ஜெயிச்சேன்."

சேறான செருப்புகள் இஃப்ராவுக்கு நினைவு வந்தன.

"இன்னொண்ணு விழுமா?"

"அதான் கடைசி. மரத்துல வேற இல்ல."

இஃப்ரா செய்தித்தாளை அவளிடம் நீட்டினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. காமு பழத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எறும்பு புகுந்துடுச்சு. இத இனிமே சாப்ட முடியாது."

பிறகு நாரை விலக்கி விரலால் உள்ளே அழுத்தினாள். "கொட்ட நல்லா கீது. மூணு."

"கொட்டையை வெச்சு என்ன பண்றது?"

"மண்ணுல பொதச்சா பனங்கெழங்கு வரும். பொங்கலுக்கு."

உரக்குழிக்குப் பக்கத்தில் மண் பொலபொலவென்று இருந்தது. இஃப்ரா உடைந்த ஸ்கேலால் தோண்டினாள். காமு மூன்று கொட்டைகளையும் தள்ளித் தள்ளி வைத்தாள். இருவருமாக மண்ணைக் குவித்து மேடாக்கினார்கள். மணி அடித்தது.

வகுப்பில் வருகைப்பதிவு முடிந்ததும் இஃப்ரா எழுந்து நின்றாள்.

"மிஸ், நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நேத்து காமு கொண்டு வந்த பழம் அழுகல. எனக்கு என்ன பழம்னு தெரியல. நாக்குல வைக்காமலே சொல்லிட்டேன்."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஷ்யாம்சுந்தர் மெதுவாகக் கேட்டான். "அப்போ உன் மூக்கு ஃபெயிலா?"

"மூக்கு ஃபெயில் ஆகல" என்றாள் இஃப்ரா. "நான்தான்."

நாகலக்ஷ்மி மிஸ் அவளைத் திட்டவில்லை. கையிலிருந்த பேனாவை மூடித் திறந்து மூடினார். "நானாவது ஒரு வாய் சாப்பிட்டுப் பாத்திருக்கணும்" என்றார். "காமு சொன்னா. நான் கேக்கல. சாரி காமு."

காமு தலையைக் குனிந்து பெஞ்சில் நகத்தால் கோடு போட்டாள்.

"அந்தப் பழத்த இப்போ சாப்பிடலாமா மிஸ்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"இல்ல" என்றார் மிஸ். "இப்போ முடியாது."

ஞாயிற்றுக்கிழமை காலையில், இன்னும் ஒரு பழமாவது இருக்காதா என்று இஃப்ரா அத்தாவை விடாமல் நச்சரித்து, ஸ்கூட்டரில் மாடம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனாள். காமு வந்து மரத்தைக் காட்டினாள். ஏரிக்கரை மேல் தனியாக நின்ற உயரமான பனை. அத்தா தலையை அண்ணாந்து பார்த்தார். தொப்பி கீழே விழும் அளவுக்கு அண்ணாந்து பார்த்தார்.

"ஒண்ணும் இல்லையேம்மா."

மரத்தடியில் காய்ந்த ஓலைகள்தான் கிடந்தன. கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளைப் பசு அசைபோட்டபடி நின்றது.

"இதான் அந்த மாடு" என்றாள் காமு.

இஃப்ரா சிரிக்கப் பார்த்தாள். ஆனால் காமு அதற்கு மேல் மாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பழைய காமுவாக இருந்தால் அந்த மாட்டின் பெயர், அதன் கன்று, அதன் சொந்தக்காரர் வீட்டுச் சண்டை எல்லாம் வந்திருக்கும்.

திரும்பி வரும்போது இஃப்ரா அத்தாவின் முதுகில் சாய்ந்துகொண்டு வந்தாள். மன்னிப்புக் கேட்டுவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். பாதிதான் ஆனது. காமு பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். கேட்டால் ரப்பர் தந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் காலையில் தானாக வந்து கொட்டும் கதைகள் மட்டும் வரவில்லை.

இஃப்ரா தினமும் அந்த மண்மேட்டைப் போய்ப் பார்த்தாள். மழை வந்து மண்ணைக் கரைத்த அன்று திரும்பவும் குவித்தாள். கிரிக்கெட் பந்து அங்கே விழாமல் இருக்க, கடையிலிருந்து உடைந்த ஆப்பிள் பெட்டியின் பலகைகளைக் கொண்டுவந்து சுற்றி நட்டாள். ஒருநாள் ஆயாம்மா, "இங்க என்ன புதையலா வெச்சிருக்கே?" என்று கேட்டார்.

"தெரியல ஆயாம்மா. வந்தாத்தான் தெரியும்" என்றாள்.

காமு தூரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது இஃப்ராவுக்குத் தெரியாது.

பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள், நாகலக்ஷ்மி மிஸ் எல்லோரையும் உரக்குழிப் பக்கம் அழைத்துப்போனார். மண்மேட்டில் பச்சையாக மூன்று கூர்முனைகள் எட்டிப் பார்த்தன. காமு மண்வெட்டியை வாங்கி, அடிபடாமல் சுற்றித் தோண்டினாள். நீளமாக, மண் ஒட்டிய விரலைப்போல முதல் கிழங்கு வந்தது. வகுப்பு ஓவென்று கத்தியது. இரண்டாவதும் வந்தது.

மூன்றாவதைத் தோண்டப் போகும்போது இஃப்ரா அவள் கையைத் தொட்டாள்.

"இது இருக்கட்டும், காமு."

"ஏன்?"

"மரமாகட்டும்."

"ரெண்டு கெழங்கு இத்தினி பேருக்குப் பத்தாது."

"என் பங்கு வேணாம். நீங்க சாப்பிடுங்க."

காமு அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு மூன்றாவது முளையைச் சுற்றி மண்ணைத் தள்ளி, காலால் மெல்ல மிதித்துவிட்டாள்.

சத்துணவுக்கூடத்து அக்கா இரண்டு கிழங்கையும் உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்துத் தந்தார். மிஸ் நாரை உரித்து, ஒடித்து ஒடித்து, ஆளுக்கு ஒரு துணுக்கு கொடுத்தார். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஷ்யாம்சுந்தர் தன் துணுக்கை இரண்டாக உடைத்து, "இது சாப்பாடு, இது டிபன்" என்று தனித்தனியாகச் சாப்பிட்டான்.

இஃப்ரா மதில் ஓரமாகப் போய் நின்றாள். சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் ஆவணியில் ஒரு வகுப்பே அந்த ஆரஞ்சு நிறப் பழத்தைச் சாப்பிட்டு இப்படி நின்றிருக்கும். அந்த நாள் இனி வராது.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் கண்களைப் பொத்தியது. கையில் மண் வாசனை, மஞ்சள் வாசனை.

"முதலாளியம்மா, வாயத் தொற."

"எனக்கு வேணாம்னு சொன்னேனே."

"மொதல்ல நாக்குல வை. அப்பறம் பேசு."

இஃப்ரா வாயைத் திறந்தாள். காமு தன் துணுக்கில் பாதியை உள்ளே வைத்தாள். மாவாக, கொஞ்சம் கசப்பாக, கடைசியில் மெல்லிய இனிப்பாக இருந்தது. இஃப்ரா அவசரப்படாமல் மென்றாள்.

"பழமும் இப்படித்தான் இருக்குமா?"

"இல்ல. அது வேற."

"எப்படி?"

எதற்கும் சொல் வைத்திருக்கும் காமு, யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். "சொல்ல வரல. ஆவணில வா. நீயே சாப்ட்டுப் பாரு."

"இந்த மரம் எப்ப காய்க்கும்?"

"அதுக்குள்ள நாம நம்ம மிஸ் அளவுக்கு வளந்துடுவோம். அதுவரைக்கும் ஏரிக்கரை மரந்தான். ஆனா மாட்டுக்கு முன்னாடி ஓடணும்."

"மாடு வேகமா ஓடுமா?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றாள் இஃப்ரா. "நீ சொல்லு."

காமு கையை அவள் கண்ணிலிருந்து எடுத்தாள். மதில் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, கால்களை ஆட்டியபடி தொடங்கினாள். "அந்த மாட்டுக்குப் பேரு இன்னா தெரியுமா? ஆனந்தி. ஒரு நாளு இன்னா ஆச்சின்னா..."

மணி அடித்தது. காமு நிறுத்தவில்லை. இஃப்ராவும் நகரவில்லை.